மூலம் தேடிய பெருமகனார்

நுழையும்முன்

கட்டுரையோ ஆய்வேடோ எழுதப் புகும் மாணவர்க்கு முதலில் எழும் வினா, செய்தியை எங்கே தேடுவது என்பதாகும். அடுத்து எழ வேண்டிய வினா, கிடைத்த செய்தியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது. பலர் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றனர். இவ்விரு வினாக்களையும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடாது கேட்டுக்கொண்டே வாழ்ந்தவர் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. அவர் பெயரை நீங்கள் அறிவீர்கள். அவர் பதிப்பித்த நூல்களிலிருந்து பாடல்களும் படித்திருப்பீர்கள். அவர் ஒரு சொல்லை ஏற்பதற்குமுன் என்னென்ன செய்தார் என்பதே இங்குப் பேசப்படுகிறது.

ஒரு வியாழக்கிழமை

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். கும்பகோணம் கல்லூரியின் இளம் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதர், அவ்வூருக்கு முன்சீபாகப் புதிதாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். அப்போது சாமிநாதருக்கு வயது இருபத்தைந்து. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் 1876இல் மறையும்வரை உடனிருந்து பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்புக்குரியவர். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு இவரே தக்கவர் என்று பரிந்துரைத்து அமர்த்தப்பட்டவர். தமிழ்க்கல்வியில் தமக்குக் குறையேதும் உண்டு என்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை.

முதலியார், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சாமிநாதர் அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். பட்டியல் நீண்டதேயன்றி முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்ற பொருள்பட அவர் கேட்டபோது சாமிநாதர் திகைத்தார். பின்னர், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவினார். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னார். அவற்றுள் ஒன்றையும் சாமிநாதர் படித்ததில்லை.

இந்நிகழ்ச்சியைச் சாமிநாதரே தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். வேறொருவராயின், வழக்கறிந்த அதிகாரிக்குத் தமிழ்க்கல்வியைப் பற்றி என்ன தெரியும் என்று சினந்து திரும்பியிருக்கக்கூடும். தம் ஆசிரியர் ஒப்பற்ற புலவர், அவர் கற்பிக்காத நூல் கற்கத் தகாதது என்று தேற்றிக்கொண்டிருக்கவும் கூடும். மாணவர் பலர் இன்றும் இவ்விடத்தில் தவறுகின்றனர். ஆசிரியரோ பாடநூலோ சொல்லாத ஒன்று இல்லாத ஒன்றாகிவிடாது. (பாடநூலொன்றே இதைச் சொல்வது சற்று வேடிக்கைதான், ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.) சாமிநாதர் தம் ஆசிரியர்மீது கொண்ட மதிப்பை இறுதிவரை இழக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவருடைய வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். ஆயினும் அந்த மதிப்பு, ஆசிரியர் நடந்த எல்லைக்கு அப்பால் செல்ல அவருக்குத் தடையாகவில்லை.

முதலியார் தந்த சிந்தாமணிப் படியை வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்பினார்.

தெரிந்தவர் வாயிலில்

சிந்தாமணியைத் திறந்ததும் வேறோர் உலகம் விரிந்தது. தமிழ் புரிந்தது, பொருள் புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரை உடனிருந்தும், அவ்வுரையே பல இடங்களில் புதிராக நின்றது. சைவச் சூழலில் வளர்ந்த சாமிநாதர்க்குச் சமண நெறியின் கொள்கைகளும் அவற்றைக் குறிக்கும் சொற்களும் பழக்கமில்லாதவை. ஊகித்துப் பொருள் சொல்லிக் கடந்துபோகும் புலமை அவரிடம் இருந்தது. அதை அவர் பயன்படுத்தவில்லை.

கும்பகோணத்திலேயே சமணர் வாழ்ந்தனர் என்று அறிந்து அவர்கள் இல்லங்களுக்குச் சென்றார். அங்கே அவர் கண்ட காட்சி அவரை வியக்கவைத்தது. தாம் புதையலாக எண்ணிய நூலை அவர்கள் பாராயணம் செய்துகொண்டிருந்தனர். படித்து முடிக்கும் நாளைத் தோரணம் கட்டி விழாவாகவே கொண்டாடினர். புலவர் கூட்டம் மறந்துவிட்ட காப்பியம், தெருவொன்றுக்கு அப்பால் சில குடும்பங்களின் நாவில் உயிரோடிருந்தது. சாமிநாதர் அவர்களிடம் மாணவராக அமர்ந்து கேட்டார். கல்லூரியில் பிறர்க்குப் பாடம் சொல்லும் ஒருவர், மாலையில் வணிகர் வீட்டுத் திண்ணையில் ஐயம் கேட்பதை இழிவாகக் கருதவில்லை.

ஒரு பொருளைப் பற்றி அறிய வேண்டுமாயின், அதனோடு வாழ்பவரைக் கேட்பதே நேர்வழி என்பதை அவர் வேறோர் இடத்திலும் கண்டார். சிந்தாமணியில் இடையன் வெட்டிய மரத்தை ஒருவரின் துன்ப நிலைக்கு ஒப்பிடும் உவமை வருகிறது. இடையன் வெட்டினால் மரத்துக்கு என்ன தனித்துன்பம் என்று அவருக்கு விளங்கவில்லை. பின்னர்ப் பயணமொன்றில், கிளைகள் பாதி வெட்டுண்டு தரையை நோக்கிச் சாய்ந்து, ஆயினும் பட்டுப்போகாமல் தழைத்திருந்த மரங்களைப் பார்த்தார். அருகிலிருந்தவரைக் கேட்டபோது விடை கிடைத்தது. ஆடுகளுக்குத் தழை எட்டவேண்டும், மரமும் சாகக்கூடாது. அதனால் ஆடு மேய்ப்பவர் கிளையை முற்றும் துண்டிக்காமல் வளைந்து தொங்குமாறு வெட்டுவர். இடையன் வெட்டு அறாவெட்டு என்னும் பழமொழியும் அதையே குறித்தது. சாகவும் இயலாமல் வாழவும் இயலாமல் நிற்கும் நிலைக்கு அது எத்துணைப் பொருத்தமான உவமை! நூல்களைப் புரட்டிக் காணாத பொருளைக் காட்டுவழி காட்டிக்கொடுத்தது.

எழுத்தும் பிழையும்

சாமிநாதர் எதிர்கொண்ட மூலங்களின் இயல்பைச் சிறிது விரிவாக அறிந்துகொள்வது நல்லது; அச்சிட்ட தாளில் மட்டுமே தமிழைக் கண்ட நமக்கு அது எளிதில் விளங்காது.

பனையோலை சில நூற்றாண்டுகளே நிற்கும். செல்லும் பூச்சியும் ஈரமும் அதனை அரிக்கும். நூல் வாழவேண்டுமாயின் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதவேண்டும். எழுதுபவர் எல்லாரும் புலவர் அல்லர். கண் தவறும், கை தவறும், சில வேளைகளில், தமக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றிவிடுவதும் உண்டு. இந்தக் கடைசிப் பிழையே மிகக் கொடியது. கைப்பிழை தன்னைக் காட்டிக்கொடுக்கும். திருத்தமாக வந்த பிழையோ அழகாகவே இருக்கும்.

ஏட்டெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்படும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவம் ஒன்றே. ஆகவே சரபம் என்பதும் சாபம் என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். முன்னது விலங்கு; பின்னது வில். பாட்டில் வருவது எது? இடம்நோக்கி, வேறு படிகளோடு ஒப்புநோக்கி, உரையாசிரியர் கொண்ட பொருளையும் நோக்கித்தான் முடிவுசெய்ய இயலும். செய்யுளும் உரையும் பத்திப் பிரிவின்றி ஒரே ஓட்டமாக எழுதப்பட்டிருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரைக்கு நடுவே வரும் மேற்கோள் எந்நூலுக்குரியது என்பனவெல்லாம் படிப்பவர் கண்டறிய வேண்டியவை.

இதற்குச் சாமிநாதர் கைக்கொண்ட முறை பொறுமையைத் தவிர வேறு மந்திரம் அற்றது. ஒரு படியோடு அவர் நிறைவடையவில்லை. பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டினார். ஒவ்வொன்றையும் வரிவரியாக ஒப்பிட்டார். வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டார். தாம் ஏற்ற பாடத்தை மேலே அமைத்து, ஏற்காத பாடங்களை அடிக்குறிப்பில் தந்தார். நீக்கியதை மறைக்காமல் காட்டியமையால், படிப்பவர் அவர் முடிவை ஆராயவும் மறுக்கவும் இடம் ஏற்பட்டது. தம் தீர்ப்போடு சாட்சியங்களையும் சேர்த்தே அவர் அவைமுன் வைத்தார் எனலாம்.

ஒப்பிடும்போது எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். பத்து ஏடுகள் ஒரே பாடத்தைக் காட்டலாம். அப்பத்தும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டனவாயின், அவை பத்துச் சான்றுகள் ஆகா. ஒரே சான்றின் பத்து நிழல்கள்தாம். தனித்து நிற்கும் ஒரு பழைய ஏடு அவற்றைவிட வலியதாகலாம். ஒரே செய்தியைப் பலர் திரும்பத் திரும்பச் சொல்வதால் அது உண்மையாகிவிடும் என்று நம்பும் வழக்கம் ஏடுகளோடு ஒழிந்துபோய்விடவில்லை.

மேற்கோள்களைக் கண்டறிந்த விதம் இன்னும் சுவையானது. நச்சினார்க்கினியர் பழம்பாடல் வரிகளை எடுத்துக்காட்டுவார். ஆனால் நூற்பெயர் சொல்லமாட்டார். பிறரும் கூறினர் என்ற அளவில் நிறுத்திவிடுவார். அந்தப் பிறர் யார்? சாமிநாதர் அவ்வரிகளைக் குறித்துவைத்துக்கொண்டு, திருவாவடுதுறை மடத்துப் பழைய ஏடுகளைப் புரட்டினார். அங்கே எட்டுத்தொகைப் பாடல்களில் அவ்வரிகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கின. உரையாசிரியரின் மேற்கோள்கள் மறைந்த நூல்களுக்கு வழிகாட்டும் அடையாளங்களாயின. அவ்வாறு கிடைத்த நூல்கள் திரும்பவும் உரையின் இருண்ட இடங்களை விளக்கின. ஒன்றைத் தேடப்போனவர் முன்னே ஓர் இலக்கியப் பரப்பே எழுந்து நின்றது.

1887இல் சீவகசிந்தாமணி உரையுடன் அச்சாயிற்று. விடுமுறைதோறும் சென்னைக்குச் சென்று அச்சுப்படி திருத்தியதும், கையொப்பக்காரரை நாடிப் பொருள் திரட்டியதும் தனிக்கதை. நூல் வெளிவந்ததும் பாராட்டோடு கண்டனமும் வந்தது. பிழைகள் என்று சிலவற்றைக் காட்டித் துண்டு வெளியீடுகள் அச்சிடப்பட்டன. சாமிநாதர் மனம் புண்பட்டு மறுப்பும் எழுதினார். ஆனால் மறுப்பு எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த நூல் வெளிவாராது என்று மூத்த நண்பர் ஒருவர் அறிவுறுத்த, அதனை வெளியிடாமல் விட்டார். அதே வேளையில், திருந்தவேண்டியவை அடுத்த பதிப்புகளில் திருந்தின. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இலும் மூன்றாம் பதிப்பு 1922இலும் வந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே நூலுக்குத் திரும்பத் திரும்ப வந்தவரை, தம் முடிவே முடிந்த முடிவு என்று கருதியவர் என யாரும் சொல்ல முடியாது.

தீயும் நீரும்

ஏடு தேடி அவர் சென்ற ஊர்களைக் கணக்கிடுவது அரிது. மாட்டுவண்டியிலும் நடந்தும் போனார். சில வீடுகளில் அன்போடு வரவேற்றனர். சில வீடுகளில் பரணில் கிடந்த சுமையைத் தூசியோடு இறக்கிக் காட்டினர். சிலர் காட்டவே மறுத்தனர். ஆழ்வார்திருநகரியில் கவிராயர் ஒருவர் வீட்டில் ஏடுகள் அடுக்கடுக்காக இருந்தும், தேடிய பத்துப்பாட்டு அங்கே அகப்படவில்லை. சோர்ந்திருந்த வேளையில், அக்கவிராயரின் மாமனார் வீட்டிலிருந்து அது வந்து சேர்ந்தது.

கரிவலம்வந்தநல்லூரில் நேர்ந்தது வேறு. வரகுணபாண்டியன் தொகுத்த ஏடுகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்றுச் சாமிநாதர் ஆவலோடு சென்றார். கோயிலைச் சேர்ந்தவர், பழைய ஏடுகள் கூளமாகக் கிடந்தன என்றும், பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடவேண்டும் என்று ஆகமம் கூறுவதால் அவ்வாறே செய்துவிட்டதாகவும் கூறினார். சொன்னவர் முகத்தில் குற்றவுணர்வு இல்லை. தம் கடமையைச் செய்ததாகவே அவர் கருதினார். வேறு சில இடங்களில், ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டதாகச் சொன்னார்கள். ஏடுகளைப் பகையால் அழித்தவர்களைவிடப் பத்தியால் அழித்தவர்களே மிகுதி என்பது எண்ணுந்தொறும் வருத்தம் தருவது. அவற்றுள் எந்நூல்கள் எரிந்தன என்பதை இனி எவரும் அறிய வழியில்லை. சாமிநாதர் ஓய்வின்றி ஓடியமைக்கு இதுவே காரணம். அவர் ஓராண்டு தாமதித்திருந்தால், ஒரு நூல் இல்லாமலே போயிருக்கக்கூடும்.

அறியாத சமயம்

மணிமேகலையில் அவர் பட்ட இடர், சிந்தாமணியில் பட்டதைவிடப் பெரிது. ஏடுகள் கிடைத்தன, பாடமும் ஒருவாறு தெளிந்தது. ஆனால் நூலில் வரும் கோட்பாடுகள் எச்சமயத்தைச் சார்ந்தவை என்பதே தொடக்கத்தில் விளங்கவில்லை. சமணச் சொற்களோடு பழகியிருந்தும் இச்சொற்கள் பிடிபடவில்லை. சமணரைப்போல அருகே சென்று கேட்பதற்குத் தமிழ்நாட்டில் பௌத்தக் குடும்பங்கள் இல்லை.

கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய இரங்காசாரியார், அவை பௌத்தக் கருத்துகள் என்று இனங்கண்டு சொன்னார். சாமிநாதர்க்கு ஆங்கிலம் தெரியாது. இரங்காசாரியார் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்லச் சொல்ல, இவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அம்மட்டில் அமையாமல், வீரசோழிய உரையிலும் நீலகேசியிலும் வரும் பௌத்தச் செய்திகளைத் தேடி எடுத்து அவற்றோடு ஒப்பிட்டார். அயல்மொழி நூலறிவை அவர் விலக்கவில்லை. அதனை மட்டுமே நம்பியிருக்கவும் இல்லை. 1898இல் மணிமேகலை வெளிவந்தபோது புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றிய விளக்கமும் தமிழில் உடன் வந்தது. தாம் பெற்ற உதவியை முன்னுரைகளில் பெயர் குறித்து நன்றியோடு எழுதுவது அவர் வழக்கம். ஏடு தந்தவர், ஐயம் தெளிவித்தவர், ஒப்பிட உடனிருந்தவர் என எவரையும் அவர் விடுவதில்லை. இது பண்பாடு மட்டும் அன்று. எச்செய்தி எவரிடமிருந்து வந்தது என்பதற்கான பதிவும் ஆகும்.

வெற்றிடங்கள்

சாமிநாதரின் பதிப்புகளில் என்னை மிகவும் கவர்வது அவர் எழுதியவை அல்ல, எழுதாமல் விட்டவை. புறநானூறு 1894இல் வெளிவந்தது. நானூறு பாடல்களுள் 267ஆம் 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. அவ்விடங்களில் புள்ளிகள் இட்டு வெற்றிடமாகவே விட்டார். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. எட்டுப் பத்துகளை மட்டுமே 1904இல் பதிப்பித்தார். பரிபாடலில் எழுபது பாடல்கள் இருந்தன என்பது மரபு; கிடைத்தவையோ இருபத்திரண்டே. 1924இல் வெளியிட்ட பெருங்கதைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

யாப்பில் அவர் வல்லவர்; மகாவித்துவானின் மாணாக்கர். சிதைந்த அடியொன்றை, ஓசையும் பொருளும் குன்றாமல் நிரப்புவது அவருக்கு ஒருநாள் வேலையும் ஆகாது. நிரப்பியிருந்தால் அது யாருக்கும் தெரிந்திராது. படிப்பவர் மகிழ்ந்திருப்பர், நூலும் முழுமையாகத் தோன்றியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. இல்லாததை இல்லை என்று காட்டினார்.

அப்படி விட்ட வெற்றிடம் ஒன்று நிரம்பிய கதையும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பாறைமேல் குவிக்கும் பூக்களின் பெயர்களைக் கபிலர் தொடர்ந்து அடுக்கிச் செல்கிறார். சாமிநாதர் ஒப்பிட்ட ஏடுகளில் அப்பட்டியலின் நடுவே சில பெயர்கள் விடுபட்டிருந்தன. மலர்ப்பெயர்களுக்கா பஞ்சம்? அளவொத்த பெயர்கள் சிலவற்றை இட்டால் அடி நிறைந்துவிடும். அவர் இடவில்லை, தேடிக்கொண்டிருந்தார். பின்னர்த் தருமபுர ஆதீனத்தில், சிதறிக் கிடந்த ஒற்றை ஏடுகளைப் பொறுமையாகப் பார்த்துவந்தபோது, குறிஞ்சிப்பாட்டின் அந்தப் பகுதி ஓர் ஏட்டில் தென்பட்டது. உதிர்ந்திருந்த பூக்கள் அதில் இருந்தன. அப்பெயர்களைச் சேர்த்த பின்னரே, நாம் இன்று தொண்ணூற்றொன்பது மலர்கள் என்று எண்ணிச் சொல்கிறோம்.

பிற்காலம்

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று 1919வரை அங்குப் பணியாற்றினார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. குறுந்தொகைக்குத் தாமே உரை எழுதி வெளியிட்டபோது, ஆண்டு 1937, வயது எண்பத்திரண்டு. ஏடு தேடும் பணியில் அவர் தனியர் அல்லர். சி.வை.தாமோதரம் பிள்ளை முதலியோரும் அக்காலத்தில் அரும்பாடுபட்டனர். அவர்கள் வரலாற்றையும் தேடிப் படித்தல் வேண்டும்.

முதுமையில் தம் வாழ்க்கையை ஆனந்த விகடன் இதழில் என் சரித்திரம் என்னும் பெயரில் தொடராக எழுதலானார். அது முற்றுப்பெறவில்லை. போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்த அவர், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

அவர் திரட்டிய ஏடுகளையும் கைப்படிகளையும் குறிப்புகளையும் காக்க 1943இல் சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் ஒன்று தோன்றியது. இன்று அது பெசன்ட் நகரில் உள்ளது. அவர் ஒரு பாடத்தை ஏற்றதும் மற்றொன்றை விலக்கியதும் சரிதானா என்று ஐயுறும் ஆய்வாளர், அங்குச் சென்று மூல ஏட்டைக் கேட்டு வாங்கி, தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.